முப்பது வருஷம் தேடியும் கிடைக்காத ஞாபகம்

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் "எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை" என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் மார்க் போடுவார்களா, மாட்டார்களா? போன மாதம் முழுக்க எங்கள் ஹாஸ்டலில் இதுதான் பேச்சு. அப்படி எழுத வேண்டிய நிலையில் இருந்தவன் நான்தான் என்பதால் எனக்கு மட்டும் அது வெறும் அரட்டையாக இல்லை. அந்தக் கடுப்பில் லைப்ரரியில் உட்கார்ந்து எதையோ புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் கார்ல் லாஷ்லி என்ற மனிதர் கண்ணில் பட்டார். முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரே பொருளைத் தேடிவிட்டு, கடைசியில் "கிடைக்கவில்லை" என்று கட்டுரை எழுதிக் கொடுத்தவர். அந்தக் கட்டுரையை இன்றைக்கும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். விடுவேனா, அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். படித்ததில் தேறியதை இங்கே எழுதுகிறேன்.

லாஷ்லி 1890ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் டேவிஸ் என்ற ஊரில் பிறந்தவர். கல்லூரியில் சேர்ந்தபோது இலக்கியம் படிப்பதுதான் திட்டம். நடுவில் ஒரு விலங்கியல் வகுப்பில் போய் உட்கார்ந்தார், அதோடு இலக்கியம் போச்சு. அந்தத் துறையில் உதவியாளராக இருந்தபோது, கிடங்கில் பழைய சாமான்களோடு தவளை மூளையின் ஸ்லைடுகள் ஒரு செட் கிடைத்தது. கோல்ஜி முறையில் சாயம் ஏற்றியவை. நரம்புச் செல்கள் கிளை கிளையாகக் கறுப்பில் தெரியும். பையனுக்கு ஒரு யோசனை. இந்தக் கோடுகளையெல்லாம் ஒன்று விடாமல் வரைந்து, எது எதோடு சேருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், தவளை எப்படி இயங்குகிறது என்பது தெரிந்துவிடுமே! ஆசிரியரிடம் ஓடினார். அது அப்படி நடக்கிற காரியம் இல்லை என்று தெரிந்தது. கோல்ஜி சாயம் நூற்றில் சில செல்களைத்தான் பிடிக்கும், மீதியெல்லாம் கண்ணுக்கே தெரியாது. தவளை எப்படி இயங்குகிறது என்று அன்றையிலிருந்து தேடிக்கொண்டே இருப்பதாகப் பிற்காலத்தில் அவரே சொன்னாராம். (அவர் கேட்ட மாதிரியான முழு வரைபடம் ஒரு வளர்ந்த பழ ஈயின் மூளைக்கு 2024ல்தான் வெளியானது. சுமார் 1,39,000 செல்கள். அதற்கு ஒரு பெரிய படையும் கம்ப்யூட்டர்களும் தேவைப்பட்டன.)

பிட்ஸ்பர்க்கில் பாக்டீரியா, பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹைட்ரா என்று படித்து 1914ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஹாப்கின்ஸில்தான் அவருக்கு ஜான் வாட்சனின் பழக்கம் ஏற்பட்டது. உளவியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். மனசு, எண்ணம் இதெல்லாம் பேசாதே, கண்ணால் பார்க்க முடிகிற நடத்தையை மட்டும் பேசு என்று 1913ல் கொடி பிடித்தவர். அதே வருஷம் இரண்டு பேரும் ஃப்ளோரிடாவுக்குத் தெற்கே ட்ரை டோர்ட்டுகாஸ் தீவுகளுக்குப் போய் ஆலாப் பறவைகளைப் பிடித்து, கப்பலில் பல நூறு மைல் கொண்டுபோய் விட்டுவிட்டு, அவை கூட்டுக்குத் திரும்பி வருகின்றனவா என்று பார்த்தார்கள். பல பறவைகள் வந்துவிட்டன. எப்படி வந்தன என்று இருவருக்கும் விளங்கவில்லை.

வாட்சன் 1920ல் ஒரு காதல் விவகாரத்தில் வேலையை விட்டுவிட்டு விளம்பரக் கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் சொல்லிக்கொடுத்த கொள்கை லாஷ்லியிடம் தங்கிவிட்டது. அன்றைக்கு எல்லோரும் நம்பிய கொள்கை அது. மூளை ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி. கண்ணிலிருந்து ஒரு வயர் வருகிறது, கைக்கு ஒரு வயர் போகிறது. ஒன்றைக் கற்றுக்கொள்வது என்றால் நடுவில் புதிதாக ஒரு இணைப்பு போடுவது. ரஷ்யாவில் பாவ்லவ் நாய்களை வைத்துச் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். அப்படியென்றால் அந்த இணைப்பு மூளையில் எங்கோ ஓரிடத்தில் இருக்க வேண்டும். அதை வெட்டினால் ஞாபகம் போய்விட வேண்டும். ஞாபகத்தின் இந்தத் தடத்துக்கு 'என்கிராம்' என்று ஜெர்மானியரான ரிச்சர்ட் சேமோன் 1904லேயே பெயர் வைத்துவிட்டார். பெயர் ரெடி. பொருளைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

லாஷ்லி கிளம்பியது இந்தக் கொள்கையை உடைக்க அல்ல. அதை நிரூபிக்க!

வாஷிங்டனில் ஷெப்பர்ட் ஐவரி ஃப்ரான்ஸ் என்பவரிடம் மூளை அறுவை கற்றுக்கொண்டார். முறை இதுதான். எலியைப் புதிர்ப்பாதையில் விடுவது. மேஸ் என்பார்களே, முட்டுச் சந்துகள் நிறைந்த பெட்டி, கடைசியில் தீனி. தப்பே செய்யாமல் ஓடும் வரை பழக்குவது. பிறகு மயக்க மருந்து கொடுத்து, மண்டையைத் திறந்து, மூளையின் புறணியில் ஒரு பகுதியைச் சூட்டுக்கோலால் பொசுக்குவது. (புறணி என்றால் அடுத்த வீட்டைப் பற்றிப் பேசுவது இல்லை. பெருமூளையின் மேல் மூடியிருக்கும் பட்டை.) எலி தேறியதும் மறுபடி பாதையில் விட்டு எத்தனை தப்பு செய்கிறது என்று எண்ணுவது. கடைசியாக எலியைக் கொன்று, மூளையைச் சீவல் சீவலாக வெட்டிச் சாயமேற்றி, புறணியில் எங்கே, எவ்வளவு பங்கு அழிந்தது என்று அளந்து படம் போடுவது.

கடைசியாகச் சொன்ன அந்த அளவெடுப்பில்தான் அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார். "முன்பக்கம் கொஞ்சம் வெட்டினேன்" என்று எழுதுகிற ஆள் இல்லை.

எங்கே வெட்டினால் ஞாபகம் போகும்? முன்பக்கம் வெட்டினார், எலி ஓடியது. பின்பக்கம் வெட்டினார், ஓடியது. ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் நடுவே இணைப்பு அறுந்துபோகும்படி கத்தியால் கீறிப் பார்த்தார், அப்போதும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. குரங்குகளுக்குப் பூட்டுப் பெட்டியைத் திறக்கக் கற்றுக்கொடுத்து, கைகால் அசைவுக்கான பகுதியை எடுத்துவிட்டார். வாதம் வந்து, பிறகு தேறிய குரங்குகள் பெட்டியைப் பழையபடி திறந்தன. சில எலிகளுக்குச் சிறுமூளையில் காயம் செய்தார். அவற்றுக்கு நேராக நடக்கவே வரவில்லை. விழுந்து புரண்டுகொண்டு போயின. ஆனால் திரும்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திரும்பின! இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எலி கற்றுக்கொண்டது 'இந்தக் காலை இப்படி வை' என்ற அசைவுச் சங்கிலியை அல்ல. அந்த இடத்தையே கற்றுக்கொண்டிருக்கிறது. வாட்சனின் வயர் கதைக்கு விழுந்த பெரிய அடி இது.

மினசோட்டா, சிகாகோ என்று வேலை பார்த்த இந்த வருஷங்களின் விளைவை 1929ல் 'மூளை இயக்கமுறைகளும் அறிவுத்திறனும்' என்ற புத்தகமாகப் போட்டார். அதில் மூன்று புதிர்ப்பாதைகள். ஒன்றில் ஒரே ஒரு முட்டுச் சந்து, அடுத்ததில் 3, கடைசியில் 8. சுலபமான பாதையில் மூளைக் காயம் அதிகம் பாதிக்கவில்லை. எட்டுச் சந்துப் பாதையில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அங்கே கணக்கில் வந்தது எந்த இடம் அழிந்தது என்பது அல்ல, எவ்வளவு அழிந்தது என்பதுதான். பத்து சதவீதம் போனால் கொஞ்சம் தடுமாற்றம், பாதி போனால் பெரும் தடுமாற்றம். இதற்கு 'மொத்தச் செயல்' என்று பெயர் வைத்தார். ஒரு பகுதியின் வேலையை அதன் எந்த மூலையும் செய்ய முடியும் என்பதற்கு 'சம ஆற்றல்' என்று பெயர்.

ஹாஸ்டல் பாஷையில் சொன்னால், ஞாபகம் எங்கே இருக்கிறது என்று கேட்பது சாம்பாரில் உப்பு எந்த ஓரத்தில் இருக்கிறது என்று கேட்பது மாதிரி. (இந்த உவமை முழுசாகப் பொருந்தாது என்று ரூம்மேட் சொல்லிவிட்டான். பாதி சாம்பாரை எடுத்தாலும் உப்பு குறையாது, எலிக்குப் பாதி மூளையை எடுத்தால் ஞாபகம் குறைகிறதே என்கிறான். ஒத்துக்கொள்கிறேன்.)

அந்த 1929ல்தான் அவர் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர். யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த உலக உளவியல் மாநாட்டில் தலைவர் உரையாக இதையெல்லாம் எடுத்து வைத்தார். அதே மாநாட்டில் பேச ரஷ்யாவிலிருந்து ஒரு முக்கியமான விருந்தாளியும் வந்திருந்தார். ஏறக்குறைய 80 வயது பாவ்லவ்!

மூளையில் எல்லா இடமும் ஒன்றுதான் என்று லாஷ்லி சொன்னதாகப் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. பார்வைக்கு அவரே ஒரு கருவி செய்தார். எலி ஒரு மேடையிலிருந்து எதிரே இருக்கும் இரண்டு அட்டைகளில் ஒன்றை நோக்கித் தாவ வேண்டும். சரியான அட்டை என்றால் அது விழுந்து உள்ளே தீனி, தப்பானது என்றால் மூக்கில் ஒரு இடி, கீழே வலையில் விழ வேண்டியதுதான். பார்வைப் புறணி முழுக்கப் போனால் எலியால் உருவங்களைப் பிரித்தறிய முடியாது என்று காட்டியவர் அவர்தான். ஆனால் அதில் அறுபதில் ஒரு பங்கு மிச்சம் இருந்தாலே போதும், எலி சமாளித்துக்கொள்கிறது என்றும் காட்டினார். பகுதிகள் உண்டு, பகுதிக்குள்ளே பங்காளிச் சண்டை கிடையாது. அவ்வளவுதான் அவர் சொன்னது.

தப்பு எங்கே? 1930லேயே வால்டர் ஹன்டர் என்ற உளவியலாளர் அதைச் சுட்டிக்காட்டிவிட்டார். கரண்ட் போன ராத்திரியில் நாம் எப்படி வீட்டுக்குள் நடக்கிறோம்? சுவரைத் தடவி, படியை எண்ணி, சமையலறை வாசனையைப் பிடித்துப் போகிறோம். ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று கைகொடுக்கிறது. எலியும் அப்படித்தானே? கண், மூக்கு, மீசை என எல்லாவற்றையும் வைத்துத்தான் பாதையைக் கற்றிருக்கும். புறணியில் எங்கே கொஞ்சம் வெட்டினாலும் ஒரு புலன் குறையும், மற்றவை பார்த்துக்கொள்ளும். நிறைய வெட்டினால் நிறையப் புலன்கள் போகும், தப்பும் கூடும். ஞாபகம் பரவிக் கிடக்கிறது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. நீ வைத்த பரீட்சை அப்படி, எலி என்ன செய்யும்?

இதைப் படித்ததும் "ஆள் காலி" என்றுதான் நினைத்தேன். ஆனால் லாஷ்லி பதில் தேடினார். எலிகளை முதலில் குருடாக்கினார். குருட்டு எலிகளுக்குப் பாதையைக் கற்றுக்கொடுத்தார். பிறகு பார்வைப் புறணியை எடுத்தார். ஹன்டர் சொன்னது மட்டும்தான் காரணம் என்றால் இந்த எலிகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, ஏற்கனவே கண் தெரியாதே! ஆனால் இவையும் பாதையை மறந்தன. 1943ல் வெளியான முடிவு இது. அப்படியானால் அந்தப் பகுதி பார்ப்பதைத் தவிர வேறு ஏதோ வேலையும் செய்கிறது. இரண்டு பேரிடமும் பாதி நியாயம் இருந்திருக்கிறது என்பது என் கட்சி.

குருடாக்கினார், எடுத்தார், கொன்றார் என்று நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போகிறேன். அந்த எலிகளின் கணக்கு எங்கும் மொத்தமாகப் போட்டிருப்பதாகத் தெரியவில்லை. இன்றைக்கு ஒரு எலியைத் தொடுவதற்கே கமிட்டியின் கையெழுத்து வேண்டும். அன்றைக்கு அதெல்லாம் கிடையாது. இன்னொரு கறையும் அவர் மேல் உண்டு. அவருடைய கடிதங்களில் கறுப்பின மக்கள் மேல் இருந்த வெறுப்பு அப்பட்டமாகத் தெரிகிறது என்று நதீன் வைட்மன் என்ற வரலாற்றாசிரியர் 1999ல் எழுதிய புத்தகத்தில் காட்டியிருக்கிறார். தன்னுடையது கொள்கைச் சாய்வு இல்லாத சுத்த விஞ்ஞானம் என்று சொல்லிக்கொண்ட மனிதர்! மூளையின் பகுதிகளுக்கு மட்டும் சம ஆற்றல் கொடுத்தார் போலிருக்கிறது.

1935ல் ஹார்வர்டுக்குப் போனார். 1942லிருந்து 1955 வரை ஃப்ளோரிடாவின் ஆரஞ்ச் பார்க்கில் இருந்த யெர்க்ஸ் குரங்கு ஆய்வுக்கூடத்துக்கு இயக்குநர். அங்கே அவரைச் சுற்றி இருந்தவர்களைப் பாருங்கள். டொனால்ட் ஹெப், சேர்ந்து செயல்படும் செல்களுக்கு நடுவே இணைப்பு பலப்படும் என்று 1949ல் புத்தகம் எழுதியவர். இன்றைக்கு நியூரல் நெட்வொர்க் படிப்பவர்கள் எல்லோரும் அவர் பெயரைப் படிக்காமல் தாண்ட முடியாது. ரோஜர் ஸ்பெர்ரி, நீர்ப்பல்லியின் கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, வெட்டுப்பட்ட நரம்புகள் வளர்ந்து தத்தம் பழைய விலாசத்துக்கே போய்ச் சேருகின்றன, அதனால் அது உலகத்தைத் தலைகீழாகவே பார்க்கிறது என்று காட்டியவர். 1981ல் நோபல் வாங்கினார். இணைப்புகள் இவ்வளவு துல்லியமானவை என்றால் 'சம ஆற்றல்' என்ன ஆகும்? மனுஷன் தனக்கு எதிரான சாட்சிகளைத் தன் வீட்டிலேயே வளர்த்திருக்கிறார்.

1948ல் கால்டெக்கில் ஒரு கருத்தரங்கில் அவர் பேசியது எனக்கு மிகவும் பிடித்தது. பியானோ வாசிப்பவரின் விரல்கள் போகிற வேகத்தில், ஒரு விரல் முடித்த சேதி மூளைக்குப் போய் அடுத்த விரலுக்குக் கட்டளை வர நேரமே கிடையாது. ஆக, வரிசை முழுவதும் முன்கூட்டியே மூளையில் தயாராக இருக்க வேண்டும். நம்ம ஊர் சாட்சி வேண்டுமானால், அவசரத்தில் "காபி டம்ளர்" என்பதை "டாபி கம்ளர்" என்று உளறுவோமே. 'டம்ளர்' இன்னும் வாய்க்கு வரவே இல்லை, அதற்குள் அதன் முதல் எழுத்து முன்னால் வந்து நிற்கிறது. அப்படியென்றால் அது வரிசையில் ஏற்கனவே காத்திருந்திருக்கிறது!

1950ல் வந்ததுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன கட்டுரை, 'என்கிராமைத் தேடி'. முப்பது வருஷத்துச் சோதனைகளை வரிசையாக வைத்து, இங்கே இல்லை, இங்கே இல்லை, இங்கேயும் இல்லை என்று சொல்லிக்கொண்டே போகிறார். இந்தச் சான்றுகளையெல்லாம் பார்த்தால், கற்றல் என்ற ஒன்று நடக்கவே முடியாது என்றுதான் முடிவு கட்ட வேண்டும் போலிருக்கிறது, ஆனாலும் அவ்வப்போது நடந்து தொலைக்கிறது என்கிற மாதிரி ஒரு கிண்டலும் அதில் உண்டு. தேடலில் தோற்ற மனுஷனுக்கு இருந்த தைரியத்தைப் பாருங்கள்.

1958ல் ஃப்ரான்ஸில் பொய்த்தியே நகரில் இறந்தார். அதற்கு முந்தைய வருஷம் ஸ்கோவில், மில்னர் இருவரும் ஹென்றி என்ற நோயாளியைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டிருந்தார்கள். வலிப்புக்காக 1953ல் இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் எடுக்கப்பட்டு, அதன் பிறகு புதிதாக எதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள முடியாமல் போனவர். புறணியின் மேலேயே தேடிக்கொண்டிருந்தால் எப்படிக் கிடைக்கும், அது உள்ளே மடிந்து கிடக்கிற சமாச்சாரம். இந்த ப்ரெண்டா மில்னர் யாருடைய மாணவி தெரியுமா? ஹெப்பின் மாணவி. லாஷ்லிக்குப் பேத்தி முறை!

1984ல் ரிச்சர்ட் தாம்சன் குழு முயல்களில் இன்னொன்றைக் காட்டியது. ஒரு சத்தம் கேட்டதும் கண்ணில் காற்று அடிக்கும். பழகிவிட்டால் சத்தத்துக்கே முயல் கண்ணை மூடும். சிறுமூளையில் ஒரு சின்னஞ்சிறு இடத்தை அழித்தால் இந்தப் பழக்கம் மட்டும் போய்விடும். காற்று பட்டால் கண் மூடுவது அப்படியே இருக்கும். அதாவது ஒரு ஞாபகம், ஒரு இடம். லாஷ்லியின் எலிகள் சிறுமூளை கெட்டும் பாதையை மறக்கவில்லை, முயல்கள் அதே சிறுமூளை கெட்டதும் பழகிய சிமிட்டலை மறந்தன. எந்த ஞாபகம் என்று கேட்காமல் ஞாபகம் எங்கே என்று மட்டும் கேட்டால் இப்படித்தான் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

2012ல் எம்.ஐ.டி.யில் டோனெகாவா குழு 'என்கிராம்' என்ற பழைய சொல்லையே எடுத்துக்கொண்டு வந்தது. ஒரு பெட்டியில் சுண்டெலியைப் பயமுறுத்தும்போது ஹிப்போகேம்பஸில் எந்தச் செல்கள் வேலை செய்தனவோ அவற்றுக்கு மட்டும் ஒளியை உணரும் புரதத்தை ஏற்றி, பிறகு வேறு பெட்டியில் வைத்து ஒளியைப் பாய்ச்சினார்கள். பயப்பட ஒன்றுமே இல்லாத இடத்தில் சுண்டெலி உறைந்து நின்றது. பத்திரிகைகள் எல்லாம் "கிடைத்துவிட்டது" என்று எழுதின.

கதை அதோடு முடியவில்லை. 2022ல் அதே குழு, ஒரே ஒரு பய ஞாபகத்துக்காக சுண்டெலி மூளையில் 247 பகுதிகளை அலசிப் பார்த்தது. அதன் தடம் இருக்க நல்ல வாய்ப்புள்ளவை என்று தேறியவை 117 பகுதிகள்! அதிலும், ஒரு பகுதியின் செல்களை மட்டும் தூண்டினால் ஞாபகம் கொஞ்சமாகத் திரும்புகிறது, பல பகுதிகளைச் சேர்த்துத் தூண்டினால் இன்னும் பலமாகத் திரும்புகிறது. மொத்தச் செயல் என்றாரே, அது இதுதானா? அப்படியே அதுதான் என்று சொல்ல மாட்டேன். லாஷ்லியின் 1929 படங்களையும் இந்த 2022 படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டை வியாழக்கிழமை கொடுத்தாக வேண்டும். கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றேதான் எழுதியிருக்கிறேன், எங்கெங்கே தேடினேன் என்று நாலு பக்கம் சேர்த்து. மார்க் வந்ததும் சொல்கிறேன்.